பழைய பெட்ரோல் பிக்கப்பில் டீசல் என்ஜின் ஏற்றலாமா?

வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக் பதில்

போன இதழில் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு, பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவது பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: அப்பா காலத்து பெட்ரோல் பிக்கப். சேஸிஸ், பாடி எல்லாம் உறுதியாக இருக்கிறது, என்ஜின்தான் புகை தள்ளுகிறது. டீசல் ஏற்றினால் மைலேஜும் இழுவையும் கூடும் என்கிறார்கள். உண்மையா சார்?

உண்மைதான். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி இருக்கிறது. பழைய பெட்ரோல் என்ஜின் காற்றை எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தும், டீசல் 17 மடங்குக்கும் மேல் அழுத்தும், அந்த வித்தியாசமும் மைலேஜில் தெரியும். ஆனால் என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது, மாதத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கிறீர்களா என்பதுதான். வாரத்தில் ஒருநாள் வெளியே எடுக்கிற வண்டி என்றால், இருக்கிற பெட்ரோல் என்ஜினையே பிரித்து ரிங், பேரிங், வால்வு வேலை பார்த்துவிடுங்கள். மிச்சமாகும் எரிபொருள் காசில் மாற்றிய செலவை எடுக்கவே பல வருடம் ஆகும். தினமும் பாரம் இழுக்கிற வண்டி, இன்னும் பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நன்றாகச் செய்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேட்டில் பாரத்தோடு கியர் இறக்காமல் ஏறுவது எவ்வளவு நிம்மதி என்று.

கேள்வி: எந்த என்ஜின் வாங்குவது? கம்மின்ஸ் கிடைக்கிறது, புது காமன் ரெயில் என்ஜின் ஒன்றும் கிடைக்கிறது.

காமன் ரெயில் என்பது கம்ப்யூட்டர் சொல்கிறபடி டீசலைத் தெளிக்கிற என்ஜின். முதல் முறை செய்கிறவர் என்றால் மெக்கானிக்கல் பம்ப் உள்ள என்ஜினை எடுங்கள். அது ஓடுவதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. டீசலைத் திறந்து மூடும் சோலனாய்டுக்கு ஒரு கரண்ட், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஹீட்டர் பிளக் உள்ள என்ஜின் என்றால் அதற்கு ஒரு ரிலே, அவ்வளவுதான் வயரிங். காமன் ரெயிலில் ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர், முழு வயரிங் ஹார்னஸ், ஆக்சிலேட்டர் பெடலில் இருக்கும் சென்சார், சில வண்டிகளில் சாவியை அடையாளம் காணும் பெட்டி வரை எல்லாம் சேர்ந்து வந்தால்தான் ஸ்டார்ட்டே ஆகும். அது வேண்டும் என்றால் என்ஜினை மட்டும் வாங்காமல் விபத்தில் அடிபட்ட முழு வண்டியாக வாங்குங்கள். மெக்கானிக்கல் என்ஜினுக்கும் முழு வண்டி கிடைத்தால் நல்லதுதான், எங்கே எந்த பிராக்கெட், எந்த ஹோஸ் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

கம்மின்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு என்ஜின்களைத்தான் சொல்வார்கள். 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர் 4பிடி ஒன்று, 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் 6பிடி ஒன்று. 1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது இந்த ஆறு சிலிண்டர்தான். இரண்டும் கெட்டி. ஆனால் எடையைப் பாருங்கள், நான்கு சிலிண்டரே சுமார் 340 கிலோ, ஆறு சிலிண்டர் 500 கிலோ அளவுக்கு வரும். சாதாரண பெட்ரோல் வி8 ஒன்று 260 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், என்ஜின் மவுண்டிங் எல்லாமே மாற வேண்டும், நான்கு சிலிண்டர் 4பிடி நிறைய அதிரவும் செய்யும். சின்ன பிக்கப் என்றால் இசுசுவின் 2.8 லிட்டர் 4ஜேபி1 மாதிரி சின்ன என்ஜின் பொருந்தும். பெரிய என்ஜினைச் சின்ன வண்டியில் திணித்து, ஸ்டியரிங் திரும்பாமல், முன்பக்கம் தாழ்ந்து, திரும்பக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா? டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பயமுறுத்தவில்லை, சரியாகத்தான் சொல்கிறார். பெட்ரோல் பிக்கப்பில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கணக்கு 4.10 என்று வைத்துக்கொள்வோம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும். டயர் விட்டம் 75 சென்டிமீட்டர் இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2900 சுற்று சுற்றும். பெட்ரோலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய 4பிடி பலவற்றில் 2500-ஐ ஒட்டி, சுற்றுக்கு எல்லை வைக்கும் கவர்னர் டீசலை வெட்டிவிடும், அந்த வேகத்தை எட்டவே முடியாது. எட்டினாலும் சத்தத்தில் உள்ளே உட்கார முடியாது. 3.07 கிரவுன் போட்டால் அதே வேகத்தில் சுமார் 2170 சுற்று. இல்லையென்றால் ஓவர்டிரைவ், அதாவது என்ஜினைவிட வேகமாக டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றும் டாப் கியர் உள்ள ஐந்து கியர் பெட்டி போடுங்கள், அது டாப்பில் 0.73 என்றால் 4.10 கிரவுனை அப்படியே விட்டாலும் 2120 பக்கம் வந்துவிடும். என்ஜின் வாங்குவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், காகிதத்தில் ஐந்து நிமிட வேலை.

பழைய கியர்பாக்ஸ் தாங்குமா என்பது வேறு விஷயம். டீசல் 1600 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுக்கும், அதுவும் சிலிண்டருக்குச் சிலிண்டர் சுத்தியலால் அடிப்பது மாதிரி. மெல்லிய பெட்டி என்றால் இன்புட் ஷாஃப்ட் பல் சீக்கிரம் போகும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அடாப்டர் தட்டு கடைசல்காரரிடம் செய்யச் சொல்கிறீர்கள் என்றால், போல்ட் துளை பொருந்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். கிராங்கின் நடுப்புள்ளியும் இன்புட் ஷாஃப்ட்டின் நடுப்புள்ளியும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே கவலைப்பட வேண்டிய இடம் அது. இவ்வளவு சின்ன விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

கேள்வி: என்ஜின் ஏற்றி வண்டி ஓடுகிறது. ஆனால் பிரேக் கல் மாதிரி இருக்கிறது, முழு பலம் போட்டு மிதித்தால்தான் நிற்கிறது. பிரேக் ஷூ புதிதாகவே போட்டுவிட்டேன். என்ன கோளாறு?

முதலில் வண்டியை நிறுத்துங்கள், இது சரியாகும் வரை தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கோளாறு ஷூவில் இல்லை. பெட்ரோல் என்ஜினில் காற்று வரும் வழியை ஒரு தட்டு அடைத்து நிற்கும், நீங்கள் ஆக்சிலேட்டரை விடும்போது அந்தத் தட்டுக்குப் பின்னால் வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை, உண்டாகும், அந்த வேக்கத்தை வைத்துத்தான் பிரேக் பூஸ்டர் உங்கள் காலுக்குப் பலம் சேர்க்கிறது. இந்த டீசல்களில் அந்தத் தட்டே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாகப் போகும், மாறுவது டீசல் அளவு மட்டும். அதனால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் பழைய ஹோஸைச் சொருகினால் பூஸ்டருக்கு ஒன்றுமே கிடைக்காது.

நான் முதன்முதலில் செய்த வண்டியில் இதே தப்பைச் செய்தேன். ஷெட்டுக்குள்ளேயே முன்னால் நகர்த்தி பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்காமல் போய்ச் சுவரில் முட்டியது. நடந்த வேகம்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பிரேக் சரியாகாமல் என்ஜினைக் கியரில் போடுவதே இல்லை.

தீர்வு இரண்டு. என்ஜினே சுற்றுகிற வேக்கம் பம்ப் போடுங்கள், பல டீசல் என்ஜின்களில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தோ டைமிங் பக்கத்திலோ வரும். அல்லது பவர் ஸ்டியரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பூஸ்டருக்கு மாறுங்கள். பாரம் இழுக்கிற வண்டிக்கு இரண்டாவதுதான் என் விருப்பம். அப்புறம், பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சிலவற்றில் கியர் மாறும் நேரத்தை முடிவு செய்வதும் இதே வேக்கம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பழைய டேங்கையே கழுவிப் பயன்படுத்தலாமா?

துரு இல்லையென்றால் பயன்படுத்தலாம், ஆனால் கழற்றி இறக்கி முழுக்கக் கழுவிக் காய வைக்க வேண்டும். டீசல் பம்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் கலந்தால் பம்ப் உள்ளே உரசித் தேயும். உள்ளே இருக்கும் பெட்ரோல் மோட்டாரை எடுத்துவிடுங்கள். மிச்ச டீசல் திரும்பி வர ரிட்டர்ன் லைன் ஒன்று கண்டிப்பாக வேண்டும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் வேண்டும். எங்காவது ஒரு கிளிப் தளர்வாக இருந்தால் காற்று இழுத்துக்கொண்டு ஏர் லாக் ஆகும், மணிக்கணக்கில் ஸ்டார்ட் அடித்தாலும் எழாது. இன்னொன்று, மூடியிலும் மூடிக்குப் பக்கத்திலும் ‘டீசல்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அந்த வண்டியைப் பெட்ரோல் வண்டியாகவே பார்த்துப் பழகிய யாராவது ஒருநாள் எரிபொருள் போடப் போவார்கள்.

கேள்வி: பதிவுப் புத்தகத்தில் மாற்றம் செய்ய வேண்டுமா?

என்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் மாறுவதால் பல நாடுகளில் செய்தே ஆக வேண்டும், புகை விதி காரணமாகச் சில இடங்களில் அனுமதியே கிடைக்காது. என்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியைப் பதிவு செய்கிற அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி வீட்டிலேயே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். அடுத்த வாரம் முதல் ஸ்டார்ட். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அவனிடம் என்ன சொல்ல?

இரண்டு விஷயம் சொல்லுங்கம்மா. பம்பிலிருந்து டீசலை என்ஜினுக்குக் கொண்டுபோகும் நாஸில் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கசிவு பார்க்க ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் போதும்.

இரண்டாவது, காற்றை உள்ளே தள்ளும் டர்போவின் சீல் போன பழைய என்ஜின் சில நேரம் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். அப்போது சாவியை அணைத்தாலும் நிற்காது, டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி வைத்து, வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு கெட்டிப் பலகையோடு ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது, இழுத்துவிடும். அந்தப் பலகையோடு நிற்கிறவர் நீங்களாகவே இருக்கலாம்.