நியூ ஆர்டரும் டிரம் மெஷினும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில இசைக்குழு பற்றிய உங்கள் கட்டுரையை, 1980க்குப் பிறகு அவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் முற்றிலும் வேறு இசைக்குழுவாக ஆனார்கள் என்று முடித்திருந்தீர்கள். பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்த குறையை மறைக்கத்தான் மற்ற மூவரும் சிந்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் வாத்தியம்) பக்கம் ஒதுங்கினார்கள் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். அது சரியா? இன்னொன்று. வீட்டில் கம்ப்யூட்டரில் இசை செய்து பழகுகிறேன். நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ பாட்டை அப்படியே கட்ட முயல்கிறேன். தொடக்கத்தில் வரும் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஓட்டம் எனக்குக் குழைந்துபோகிறது. மீதிப் பாட்டு பள்ளிக்கூட டிரில் மாதிரி விறைப்பாக இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கடைசி வரி அவசரத்தில் எழுதியது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கர்ட்டிஸ் இறந்தது 1980 மே 18. அதற்கு முன்பே இயந்திரங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் ‘டிரான்சென்டென்ட் 2000’ என்ற சிந்தசைசரைப் பாகங்களாக வாங்கித் தானே சால்டர் செய்து பூட்டியவர். ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ பாட்டில் கேட்கும் அந்த நீண்ட தந்திவாத்தியக் குரல் ஆர்ப் ஆம்னி என்ற சிந்தசைசருடையது. ‘இன்சைட்’டில் வரும் விண்வெளித் துப்பாக்கிச் சத்தம் டிரம் வாசித்த ஸ்டீபன் மோரிஸின் டிரம் வரிசையில் இருந்த எலக்ட்ரானிக் டிரம். ‘க்ளோசர்’ ஆல்பத்தின் ‘ஐசொலேஷன்’ ஏறக்குறைய முழுக்கவே சிந்தசைசர் பாட்டு.

ஆனால் சிந்தசைசரை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. டிரம் நாற்காலியைப் பாருங்கள். 1979ல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ பதிவானபோது தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட், மோரிஸை டிரம்களைத் தனித்தனியாக வாசிக்க வைத்தார். ஒரு டிரம்மின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் விழக்கூடாது. அப்போதுதான் ஸ்னேர் என்ற சிறு டிரம்மை மட்டும் பிரித்தெடுத்து, சத்தத்தைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலேக்குள் அனுப்ப முடியும். ஒரு மனிதரை இப்படி வாசிக்கச் சொல்வது, அவரை டிரம் மெஷினாக, அதாவது ஏற்றி வைத்த தாளத்தைத் தானே வாசிக்கும் பெட்டியாக, நடத்துவதுதான். ஓரிரு வருடம் கழித்து உண்மையான டிரம் மெஷின் வந்தபோது மோரிஸ் மிரளாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாறியது வாத்தியம் அல்ல, தாளம் போடும் பொறுப்பு யாரிடம் என்பதுதான்.

அந்தப் பொறுப்பு ஒரே நாளில் கைமாறவும் இல்லை. 1980 அக்டோபரில் கில்லியன் கில்பர்ட் கீபோர்டும் கிட்டாரும் வாசிக்க நியூ ஆர்டரில் சேர்ந்தார். 1981ன் ‘மூவ்மென்ட்’ ஆல்பம் இன்னும் துக்கம் கலையாத, குரல் கிடைக்காத ஆல்பம். அதே வருடத்து ‘எவ்ரிதிங்ஸ் கான் க்ரீன்’தான் திருப்பம். டிரம் மெஷினின் துடிப்பே சிந்தசைசரையும் தட்டிவிடும் ஏற்பாடு அதில் இருக்கிறது. ஹானட்டோடு செய்த கடைசி வேலைகளில் அதுவும் ஒன்று. 1982ன் ‘டெம்ப்டேஷ’னைத் தாங்களே தயாரித்தார்கள். இடையிடையே நியூயார்க் கிளப்களில் கேட்ட நடன இசையும் காதில் ஏறிக்கொண்டிருந்தது.

இனி ‘ப்ளூ மண்டே’. 1982ல் லண்டனின் பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில் பதிவானது, 1983 மார்ச் 7ல் வெளியானது. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின், மூக் சோர்ஸ் சிந்தசைசர் (பேஸ்), சம்னர் பாகங்களாக வாங்கிப் பூட்டிய பவர்ட்ரான் 1024 சீக்வென்சர் (ஸ்வரங்களை ஏற்றி வைத்தால் வரிசையாக ஓட்டும் பெட்டி), கோரஸ் குரலுக்கு இமுலேட்டர் சாம்பிளர் (பதிந்த சத்தத்தை வாசிக்கும் கருவி). அந்தக் கோரஸ் ஜெர்மன் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் ‘யுரேனியம்’ பாட்டிலிருந்து எடுத்தது.

மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழியான மிடி அப்போது கடைக்கே வரவில்லை. ஒரு மெஷின் இன்னொன்றோடு பேச மின்துடிப்புகள்தான் வழி. ஒரு கால் நோட்டுக்கு, அதாவது தாளத்தின் ஒரு அடிக்கு, எத்தனை துடிப்பு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ரோலண்ட் 24, லின் 48, ஓபர்ஹைம் 96. இரண்டு கம்பெனிப் பெட்டிகளை நேராக இணைத்தால் ஒன்று இரண்டு மடங்கோ நாலு மடங்கோ வேகத்தில் ஓடும். நடுவில் துடிப்பைப் பகுக்கும் ஒரு சர்க்யூட் வேண்டும். அதைத் தனியாகச் செய்வித்துத்தான் டிஎம்எக்ஸ் சொல்ல, சீக்வென்சர் கேட்க வைத்தார்கள். சேமிப்பும் கண்டம்தான். ஏற்றி முடித்த டிரம் பேட்டர்னைப் பதிந்து வைப்பதற்குள் மோரிஸின் கால் பட்டு ஒயர் பிடுங்கிக்கொண்டது, மறுபடி ஏற்றியது முதலில் இருந்ததுபோல் வரவில்லை என்பது பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்கின் கணக்கு.

உங்கள் கிக் டிரம்முக்கு வருகிறேன். பாட்டின் காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 130. அப்படியென்றால் ஒரு கால் நோட்டு சுமார் 462 மில்லிசெகண்ட், அதில் நாலில் ஒரு பங்கான பதினாறாம் நோட்டு சுமார் 115. நீங்கள் எடுத்திருக்கும் கிக் சாம்பிளின் வால் 300, 400 மில்லிசெகண்ட் நீளம் இருக்கும். கால் நோட்டில் அது தெரியாது. பதினாறில் ஓடும்போது மூன்று நான்கு வால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கீழ்ச்சத்தம் கூழாகிவிடும். டிஎம்எக்ஸில் அடுத்த அடி விழுந்ததும் முந்தைய அடி அறுந்துவிடும். ஆகவே சாம்ப்ளரில் கிக்கை ஒரே குரலாக, அதாவது மோனோ வாய்ஸாக, வையுங்கள். வாலை 110க்குள் நறுக்குங்கள். வெட்டிய இடத்தில் ‘டிக்’ கேட்டால் 3 மில்லிசெகண்ட் ஃபேட் (சத்தத்தை மெல்ல அடக்குவது) போதும். ரிவர்ப் (எதிரொலி) வேண்டாம். அடிகளின் பலத்தை ஏற்றி இறக்கவும் வேண்டாம். எல்லாம் ஒரே பலத்தில் விழுவதுதான் அந்த ஓட்டத்தின் மிரட்டல்.

பேஸ் எளிது. எஃப், சி, டி. பிறகு ஜி, சி, டி. ஒவ்வொன்றும் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் மாறிமாறி. சோர்ஸ் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டுமே வாசிக்கும், உங்கள் பிளக்-இன்னையும் அப்படியே அமையுங்கள்.

விறைப்புக்குக் காரணம் வேறு. சீக்வென்சரில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஏற்றியவர் கில்பர்ட். தாள்களை ஒட்டி, பின்னல் வேலைக்கான வரைபடம் போல நீளமாக எழுதி வைத்துக்கொண்டு ஏற்றினார். அதில் ஒரு ஸ்வரம் விட்டுப்போயிற்று. இன்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஸ்வரத்தை அழித்தால் அந்த இடம் காலியாகும், மற்றவை அசையாது. அந்தப் பெட்டியிலோ ஸ்வரங்கள் பூமாலை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று விட்டுப்போனால் பின்னால் வருவதெல்லாம் முன்னே நகர்ந்துவிடும். அதனால்தான் சிந்தசைசர் மெலடி டிரம்மோடு நேராக உட்காராமல் சற்று விலகி ஓடுகிறது. ஆகவே ‘ஹியூமனைஸ்’ பட்டனைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாறுமாறாகக் குலைக்கும். மெலடி கிளிப்பை முழுதாக ஒரு பதினாறாம் நோட்டு முன்னே தள்ளிக் கேளுங்கள், டிரம்மும் பேஸும் கட்டத்திலேயே நிற்கட்டும். பிழையும் ஒழுங்காக நடக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஹூக். ஜாய் டிவிஷன் காலத்தில் சம்னரின் கிட்டார் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மேல் தந்திகளுக்குப் போனவர். அது அவர் முத்திரையாகிவிட்டது. மெஷின் கீழே பேஸைப் பார்த்துக்கொள்ள, மேலே ஆறு தந்தி பேஸில் கோரஸ் பெடல் வழியாக மெலடி வாசிப்பது அவர் வேலை. அந்தப் பகுதியைக் கையால் வாசித்துப் பதியுங்கள், குவாண்டைஸ் செய்யாதீர்கள், அதாவது ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்தாதீர்கள். இசைக்குழு வேறாகிவிடவில்லை என்பதற்கு என் சாட்சி இந்தக் கைதான்.

பிற்பாடு நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1986ன் ‘பிரதர்ஹுட்’டில் ஒரு பக்கம் கிட்டார், மறுபக்கம் சிந்தசைசர் என்று பாகப்பிரிவினையே செய்து பார்த்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இபிசா தீவில் தொடங்கிய ‘டெக்னிக்’ (1989) இரண்டையும் மறுபடி ஒரே பாயில் உட்கார வைத்தது. சம்பாதித்த பணத்தில் பெரும்பங்கு மான்செஸ்டரில் அவர்கள் பங்கு வைத்திருந்த ஹசியெண்டா கிளப்புக்குள் போனது. 2007ல் ஹூக் விலகினார். 2015ன் ‘மியூசிக் கம்ப்ளீட்’ அவர் இல்லாதது. நல்ல ஆல்பம்தான், ஆனால் மேல் தந்தி பேஸை வேறொருவர் வாசிப்பது காதில் நெருடுகிறது.

எதை வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நாலு நிமிடச் சொச்சத்தில் முடிந்தால் உங்களிடம் இருப்பது 1988ன் ரீமிக்ஸ். மூலம் ஏழரை நிமிடம். 1987ன் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பில் மூல ‘ப்ளூ மண்டே’ இருக்கிறது. ஆனால் அதே தொகுப்பில் உள்ள ‘டெம்ப்டேஷன்’ 1987ல் புதிதாக வாசித்தது. 1982ன் பன்னிரண்டு அங்குலத் தட்டின் பதிவைத் தேடி எடுங்கள். அதில்தான் மோரிஸின் கையும் மெஷினும் ஒன்றையொன்று துரத்துவது கேட்கும்.