குட்டியில் பட்டினி கிடந்த எலி, பெரிதானபின் கற்க ஏன் தடுமாறுகிறது?

பால்குடிப் பருவத்தில் சத்துப் போதாமல் வளர்வதுதான் இளம்பருவ ஊட்டக்குறைவு. எலிக்கு அது முதல் 3 வாரம். மூளை விறுவிறுவென்று வளரும் காலமும் அதுவே. ஆனால் மூளை மட்டுமே காரணமல்ல. சத்தில்லாத குட்டி தாயை ஒட்டியே கிடக்கிறது. கூண்டின் மூலையை முகர்ந்து பார்க்கக்கூடப் போவதில்லை. உலை வைக்காத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் பாடம் காதில் ஏறாததைப் போலத்தான் இதுவும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட்ஸ்கியும் பார்ன்ஸும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது: சத்துக் குறைந்திருந்தும், குட்டிப் பருவத்திலேயே சுற்றுப்புறத்திலிருந்து கூடுதல் தூண்டுதல் கிடைத்த எலிகளிடம் பிற்கால நடத்தைக் கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன.

அப்படித் தூண்டுதலின்றிப் பட்டினியில் வளர்ந்த எலிகள், பிறகு வயிறாரத் தின்றாலும், உணவென்றால் துடிக்கின்றன. சிறு அதிர்ச்சிக்கும் மிரள்கின்றன. புதிர்ப்பாதையில் தடுமாறினால் உடனே ‘மந்தபுத்தி’ என்று பலர் முடிவுகட்டுவது தவறு. அங்கே தடுக்குவது பல நேரம் அறிவல்ல, அந்தப் பதற்றமே.