திருகோணமலையில் 15% வட்டிக்கு ஓடும் வீட்டுக் கடனை 11.5% தரும் வங்கிக்கு மாற்றலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: 48 இலட்சம் மீதி, இன்னும் 12 வருடம், 15% வட்டி. இன்னொரு வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து 11.5% தருகிறோம், மாதத் தவணை 51 ஆயிரத்துக்கு இறங்கும் என்கிறார். வீடு உப்புவெளியில், மனைவியின் சீதனக் காணியில். மாறட்டுமா?

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கனகாலம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது கடன் ஒழுங்கு செய்து கொடுக்கிறேன். ஊர்ப் பேச்சில் தரகர். நீங்கள் வங்கி மாறினால் என்னைப் போன்ற ஆளுக்குத் தரகுக் காசு, மாறாவிட்டால் ஒரு தேத்தண்ணி. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அந்த 51 ஆயிரம்தான் எனக்கு இடித்தது. 48 இலட்சத்தை 11.5% இல் 12 வருடத்துக்குப் போட்டால் தவணை 61,600 ரூபா அளவில் வரும். 51 ஆயிரம் எங்கேயிருந்து வந்தது என்று கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 20 வருடம் போட்டால்தான் வருகிறது. அதாவது வட்டியை இறக்குகிறேன் என்று வந்தவர், சத்தமில்லாமல் எட்டு வருடத்தைக் கூட்டிவிட்டார்.

இப்போது நீங்கள் மாதம் 72 ஆயிரம் கட்டுகிறீர்கள். இப்படியே 12 வருடம் கட்டினால் மொத்தம் 1 கோடி 4 இலட்சத்துக்குக் கிட்டப் போகும். 11.5% இல் அதே 12 வருடம் என்றால் 89 இலட்சத்துக்குள் முடியும். 15 இலட்சம் மிச்சம். 11.5% இல் 20 வருடம் என்றால் 1 கோடி 23 இலட்சம். வட்டி வீதம் குறைந்த பிறகும் 19 இலட்சம் கூடக் கட்டுகிறீர்கள்! மாதாமாதம் கையில் 21 ஆயிரம் மிஞ்சுவது உண்மைதான். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு என்று இப்போது கழுத்தை நெரிக்கிறதென்றால் அதுவும் ஒரு காரணமே, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இலாபம் என்று நினைத்துக் கையெழுத்து வைக்காதீர்கள். கையில் இடமிருந்தால் புது வீதத்திலும் பழைய 72 ஆயிரத்தையே கட்டுங்கள். 9 வருடத்துக்குள் கடன் தீர்ந்துவிடும்.

சரி, 12 வருடத்துக்கே மாறுகிறீர்கள் என்று வைப்போம். மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் மிச்சம். மாறும் செலவு? பழைய வங்கி முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் கேட்கும், புது வங்கியின் சட்டத்தரணி உறுதி பார்த்து ஈட்டுமுறி எழுத ஒரு தொகை, மதிப்பீட்டாளருக்கு ஒரு தொகை. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்காகத் தீர்க்கும் கட்டணம் 2%, சட்டச் செலவு 1%, மதிப்பீடும் சில்லறையும் 30 ஆயிரம் என்று போட்டால் 1,74,000. அது 17 மாதத்தில் திரும்பிவிடும். அப்போ மாறலாம்தானே என்பீர்கள்.

இங்கேதான் கூடுதலானோர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். புது வங்கியின் 11.5 ஐ உங்கள் இன்றைய 15 உடன் ஒப்பிடக் கூடாது. உங்கள் வங்கியையே கேட்டால் எவ்வளவுக்கு இறங்கும் என்று பார்த்து, அதோடுதான் ஒப்பிட வேண்டும். புது வங்கியின் சலுகைக் கடிதத்தின் பிரதியை இணைத்து, வட்டியைக் குறைத்துத் தரும்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போய் முகாமையாளரைப் பாருங்கள். தொலைபேசியில் கேட்க வேண்டாம், நேரே போய்க் கடிதத்தைக் கொடுத்துப் பெற்றதாகக் கையொப்பம் வாங்குங்கள். தவணை தவறாத ஆளை எந்தக் கிளையும் இலேசில் விடாது. அவர்கள் 12.5 க்கு இறங்கினாலே தவணை 64,500 ஆகிவிடும். புது வங்கிக்கும் அதற்கும் வித்தியாசம் மாதம் 2,900 தான். அந்த 2,900 க்காக 1,74,000 செலவழித்தால் போட்ட காசு திரும்பி வர ஐந்து வருடம். பிறகு எதற்கு அலைச்சல்?

அடுத்தது, அந்த 11.5 எத்தனை வருடத்துக்கு? என் சொந்தக் கதையைக் கேளுங்கள். கடன் பிரிவிலேயே இருந்த எனக்கு நடந்தது. அன்புவழிபுரத்தில் வீடு கட்ட எடுத்த கடனில் முதல் சில வருடம்தான் நிலையான வட்டி, பிறகு ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் உடன் ஒன்றரை வீதம் என்று எழுதியிருந்தது. அது மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை வெளியிடும் முதன்மைக் கடன் வீதம், அதாவது வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டி. 2021 கடைசியில் 8.6% அளவில் இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதம் உயர்த்தியது, அந்த வருட முடிவில் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் 27 ஐத் தாண்டியது. 25 இலட்சம் மீதி, 10 வருடம் இருந்த என் கடன் 11 இலிருந்து 24 வீதத்துக்கு ஏற, 34 ஆயிரம் தவணை 55 ஆயிரம் ஆனது. சம்பளம் ஏறவில்லை. மற்றவர்களுக்கு விளங்கப்படுத்திய அதே வரியை என் கடிதத்தில் நானே கண்ணால் மேய்ந்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்திருக்கிறேன், வெட்கம். 2023 கடைசியில் அது 12 சொச்சத்துக்கு இறங்கியபோதுதான் மூச்சு வந்தது. ஆகவே நிலையான காலம் எவ்வளவு, அதற்குப் பிறகு எதோடு எத்தனை வீதம் கூட்டுவார்கள், உச்சவரம்பு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி காணி. எங்கள் ஊரில் வட்டியைவிட உறுதியில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். சீதனக் காணி என்றால் பெரும்பாலும் நன்கொடை உறுதி. அதில் தாய் தகப்பன் சீவிய உரித்தை, அதாவது தாங்கள் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அவர்களும் கையொப்பமிட வேண்டிவரும், கனடாவில் இருந்தால் அற்றோனித் தத்துவம் என்று இழுபடும். நன்கொடையைச் சில சந்தர்ப்பங்களில் கொடுத்தவர் நீதிமன்றம் போய் மீளப்பெற முடியும் என்பதால், சில வங்கிகள் புது நன்கொடை உறுதிக்குத் தயங்கும். பழைய வங்கி ஏற்றதைப் புது வங்கி ஏற்கும் என்று நினைக்க வேண்டாம். உப்புவெளி என்பதால் இன்னொன்று: கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் வீடு இருந்தால் அது கரையோர வலயம். கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியைப் புது வங்கியின் ஆட்கள் கேட்பார்கள். தம்பலகாமம், கன்னியாப் பக்கம் பெர்மிட் காணிக்காரர் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி வைத்திருப்பவர்) இதை வாசித்தால், பிரதேச செயலகத்தில் கேட்காமல் எந்த விண்ணப்பத்துக்கும் காசு கட்டாதீர்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. ஈடு வைப்பது அவருடைய காணி. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில கடன்களில் வங்கி, நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். பராட்டே என்று செய்திகளில் வருவது அதுதான். 20 வருடத்துக்கு இழுக்கும் முடிவை அவர் இல்லாத மேசையில் எடுக்காதீர்கள்.

கடனோடு எடுத்த ஆயுள் காப்புறுதி என்னவாகும் என்றும் கேளுங்கள். புதிதாக எடுக்கச் சொன்னால் இப்போதைய வயதுக்குத்தான் கட்டணம். அப்படியே நாலு வங்கியில் ஒரே நேரம் விண்ணப்பம் போட வேண்டாம், யார் யார் உங்களைப் பற்றி விசாரித்தார்கள் என்பது க்ரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் தெரியும். முற்பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பழைய கடன் கடிதத்தில் முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் எத்தனை வீதம் என்று இருக்கும். அதையும் உங்கள் வங்கி என்ன பதில் தந்தது என்பதையும் கீழே எழுதுங்கள், கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.