உலோக வால்வு பொருத்தியவர் ரத்தப் பரிசோதனை தேவைப்படாத மாத்திரைக்கு மாறலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான இதயத்தின் மைட்ரல் வால்வை அகற்றிவிட்டு உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் ஒரு மாதம் 1.8, அடுத்த மாதம் 4.3 என்று ஏறி இறங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பரிசோதனையே தேவைப்படாத அபிக்ஸபான் சாப்பிடுகிறார். அம்மாவும் அதற்கு மாறலாமா?
– ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: மாறக் கூடாது. அபிக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகள், வால்வில் பெரிய கோளாறு இல்லாமல் இதயத் துடிப்பு மட்டும் ஒழுங்கு தவறியவர்களுக்குப் பக்கவாதத்தைத் தடுப்பதில் நல்ல பலன் தருகின்றன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வகையினராக இருக்கக்கூடும். ஆனால் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு டபிகாட்ரான் கொடுத்து நடத்திய ஆய்வில், ரத்தக்கட்டு, ரத்தக்கசிவு இரண்டுமே அசிட்ரோம் வகையைச் சேர்ந்த வார்ஃபரின் சாப்பிட்டவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டதால் அந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது; முடிவுகள் 2013-இல் வெளியாயின.

உலோக வால்வு உள்ளவர்கள் மருந்தே சாப்பிடாவிட்டால், ஆண்டுக்கு நூறு பேரில் சுமார் 4 பேருக்கு ரத்தக்கட்டு மூளைக்கோ வேறு உறுப்புக்கோ சென்று பெரும் பாதிப்பை ஏற்படுத்துகிறது. அசிட்ரோம், வார்ஃபரின் வகை மருந்துகள் அதைச் சுமார் ஒருவராகக் குறைக்கின்றன. அதே சமயம், நூறில் ஒருவர் அல்லது இருவருக்குக் கடுமையான ரத்தக்கசிவு நேர்கிறது. மைட்ரல் உலோக வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் 4.3-ஐப் பார்த்துத்தான் பயப்படுவார்கள், எனக்கோ ரத்தக்கட்டு உருவாக இடம் தரும் 1.8 தான் கூடுதல் கவலை தருகிறது.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். மும்பையில் குளிர்காலம் வந்தால் மேத்தியும் பாலக்கும் மலிந்துவிடுவதால் தினமும் கீரையாகச் சமைப்பார்கள். அவற்றிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரையை விட்டுவிட வேண்டாம், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். வயிற்றுப்போக்குக்குக் கடையில் வாங்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரைச் சட்டென்று ஏற்றிவிடும். மூட்டுவலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பரிசோதனையில் எண் சரியாக இருக்கும்போதே இது நடக்கலாம் என்பதுதான் சங்கடம். மாத்திரை அட்டையையும் ஒருமுறை பாருங்கள்: அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. அளவுகளில் கிடைப்பதால் கடைக்காரர் அளவு மாற்றிக் கொடுத்துவிடுவது உண்டு.

அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, பேச்சு குழறினாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள்.