வெளிச்சப் பட்டையைக் காணோம்!

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் குறைக்கும் பட்டையே இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் திரையை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பர்ஸை உள்ளே வையுங்கள், அம்மா. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியின் கீழ் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை என்று அர்த்தம். அந்த பேசிக் அடாப்டர் ஒப்புக்குப் படம் காட்டும், அவ்வளவுதான். (நானும் ஒருமுறை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அலைந்தவன்தான்.) அப்புறம், லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் பெயரைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கண்ட தளத்திலும் இறக்காதீர்கள்.