நிறுவனங்கள் சுற்றுச்சூழல் அறிக்கை வெளியிடுவது அக்கறையாலா, வெளி அழுத்தத்தாலா?

எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டமும் வாங்குபவரும் கேட்கும் விதிகளைக் கம்பெனி கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் வேலை, பார்த்தவன் நான். அறிக்கைக்கு நம்பர் தேடிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: யார் விடாமல் கேட்கிறார்களோ, அவர்கள் கேட்டது மட்டும்தான் அறிக்கையில் ஏறும்.

2018ல் ஒரு ஜெர்மன் பையரிடமிருந்து, அதாவது எங்களிடம் பனியன் வாங்கும் கம்பெனியிடமிருந்து, படிவம் வந்தது. ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது? எங்கள் சாயப்பட்டறைக்குப் போய்ப் பார்த்தால், மீட்டர் கண்ணாடிக்குள் பாசி. முள் அசையவே இல்லை. "போன வருஷ நம்பரையே போட்டுடுங்க தம்பி, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றார் மேனேஜர். நான் போடவில்லை. மீட்டர் ஓடவில்லை என்றே எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் ஆபீஸில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறுபது நாளில் சரிசெய்யாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது என்று பையர் பதில் போட்டார். பத்தே நாளில் மூன்று புது மீட்டர் வந்தது. நாலு வருடமாக நான் கேட்டும் வராத மீட்டர்!

உடனே "வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து" என்று கமெண்டில் வராதீர்கள். சாயக்கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தது பையர்கள் இல்லை. நொய்யல் ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, நிலமும் கிணறும் உப்பாகிப் போன விவசாயிகள். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் 2006ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினார்கள். அதற்கும் ஊர் அசையாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அந்த விவசாயிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானும் சேர்க்கவில்லை; அது இன்றும் உறுத்துகிறது.

2022-23 முதல் முன்னணி 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு இந்த மாதிரி அறிக்கையைப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதான்.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கணக்கு கேட்ட அதே பையர், அதே சீசனில் பீஸுக்கு நாலு ரூபாய் குறைக்கச் சொன்னார். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ.வுக்கும் எவாப்பரேட்டருக்கும் ஆகும் கரண்ட் பில்லை யார் கட்டுவது? தையல் டேபிளில் இருக்கும் அக்காவின் கூலியில்தான் அது போய் விழும். நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் "நாங்கள் கொடுக்கும் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா?" என்று ஒரு கேள்வி இருந்ததில்லை. ப்ராஜெக்டுக்காகப் பையர் யாரையாவது பார்த்தால் இதைக் கேளுங்கள்.