படமும் நாவலும் முரண்பட்டால் எது செல்லும்?

ஸ்டார் வோர்ஸ் மாதிரி ஒரு படவரிசையை ஒட்டி எழுதிய நாவல், பிறகு வரும் படத்தோடு முட்டிக்கொண்டால் எது செல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். படம்தான் செல்லும். கதை கம்பெனியின் சொத்து. நாவலாசிரியர் அனுமதி வாங்கி எழுதுபவர். ஆனால், தோற்றுப்போன நாவலை அதன்பிறகு எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் படம் 1977இல் வந்தது. அடுத்த ஆண்டே ஆலன் டீன் ஃபொஸ்டர் தொடர்ச்சியாக ஒரு நாவல் எழுதினார். ஹான் சோலோவாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் அடுத்த படத்துக்கு ஒப்பந்தமாகாததால் அந்தப் பாத்திரம் அதில் இல்லை. படத்தின் நாயகன் லூக்குக்கும் நாயகி லேயாவுக்கும் காதல் அரும்புகிற மாதிரி எழுதியிருப்பார். 1983இல் வந்த படம் அவர்களை இரட்டைப் பிள்ளைகள் ஆக்கிவிட்டது. ஃபொஸ்டரில் என்ன பிழை?

ஏலியன் கதை இன்னும் கொடுமை. 1988 முதல் வந்த கொமிக்ஸில், இரண்டாம் படத்தில் உயிர்தப்பிய படைவீரன் ஹிக்ஸும், அதில் சிறுமியாக இருந்து வளர்ந்துவிட்ட நியூட்டும்தான் நாயகர்கள். 1992இல் வந்த மூன்றாம் படம் தொடக்கத்திலேயே இருவரையும் கொன்றுவிட்டது. அதே ஆண்டு ஸ்டீவ் பெர்ரி அந்தக் கொமிக்ஸை நாவலாக்கியபோது ஹிக்ஸ் வில்க்ஸ் ஆனார், நியூட் பில்லி ஆனாள். பழைய படத்தைப் பார்த்தவருக்கு இவர்கள் யார் என்று உடனே பிடிபடும். ஆட்கள் அவர்களேதான், பேர் மட்டும் வேறு. இப்படி ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டார் வோர்ஸ் எடுக்கும் லூகாஸ்ஃபிலிம் கம்பெனியை டிஸ்னி வாங்கியபின், 2014 ஏப்ரலில் அதன் பழைய நாவல்கள் எல்லாம் அதிகாரபூர்வக் கதையில் சேராத 'லெஜெண்ட்ஸ்' என்று ஒதுக்கப்பட்டன. மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிற என் மருமகன் பழைய நாவல்களையும் புதிய கதைகளையும் கலந்து வாசித்துவிட்டு, "மாமா, லூக் கலியாணம் முடிச்சதா இல்லையா?" என்று கேட்டான். பழைய நாவல்களில் மேரா ஜேடை முடித்தவர், புதிய படங்களில் தனி ஆள். இரண்டும் இருக்கட்டும் மகன் என்றேன். நம்மூர்க் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்குக்குப் படிக்கிற கண்ணகி வழக்குரை என்ற காவியத்தில் கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். சிலப்பதிகாரத்தில் அப்படி இல்லையே என்று யாரும் ஏட்டை மூடச் சொல்வதில்லை.

ஒதுக்கினாலும் நல்ல சரக்கைப் படக்காரர்கள் விடமாட்டார்கள். ஸ்டார் வோர்ஸின் தலைநகரக் கோளுக்கு கொரஸாண்ட் என்று பேர் வைத்தது 1991இல் திமோதி ஸான் எழுதிய நாவல். 1999இல் வந்த படம் அந்தப் பேரைத்தான் பயன்படுத்தியது. அதே நாவலின் வில்லன் த்ரான் 2016இல் கார்ட்டூன் தொடர் வழியாகத் திரும்பி வந்தார், அப்புறம் ஸானே அவரை வைத்துப் புதிய நாவல்களும் எழுதினார்.

என் பார்வையில் மரியாதையாக நடந்துகொண்டது ஸ்டார் ட்ரெக்தான். 2002இல் வந்த படத்துக்குப் பிறகு, விண்கலத் தலைவர் பிகார்ட் குழுவின் கதை திரையில் நின்றுபோனது. நாவல்கள் அதைப் பல ஆண்டுகள் தம் போக்கில் கொண்டுபோயின. பாத்திரங்கள் கலியாணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தும் போனார்கள். 2020இல் பிகார்ட் பற்றிய புதிய தொலைக்காட்சித் தொடர் வந்து வேறு கதை சொன்னது. அதோடு கைகழுவியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், 2021இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களில் அந்த நாவல் உலகத்தைத் தனிக் காலக்கோடாக வைத்து, அதற்கென்று ஒரு முடிவு எழுதினார்கள். அந்த மூன்றையும் எழுதியவர்கள் அதே வரிசையில் முன்பே எழுதிவந்த டேவிட் மாக், டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ. என்ன முடிவு என்று இங்கே சொல்லமாட்டேன். ஆனால் கோடாவை முதலில் கையில் எடுக்காதீர்கள். முந்தைய நாவல்கள் சிலதையாவது வாசித்தால்தான் யாருக்காக அழுகிறோம் என்று தெரியும்.